ஜன்னல் நிலையை மாத்தணுமா? முதல்ல கணக்கு

வயலில் நஞ்சு தெளிக்காதவர் வீட்டுக்குள்ளும் அதே கணக்குத்தான் பார்க்கணும். ஜன்னலில் கரையான் ஏறியதும் கடையில் மருந்து வாங்கி ஊற்றுவது, அல்லது மொத்தமாகப் பிடுங்கி பிளாஸ்டிக் நிலை வைப்பது என்று இரண்டே வழிதான் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். வழிகள் இன்னும் இருக்கு.

முதலில் ஒரு திருப்புளியால் கீழ்ச்சட்டத்தைக் குத்திப் பாருங்க. பெரும்பாலும் மழைத்தண்ணி தங்கும் அந்த இடம்தான் உளுத்திருக்கும். மற்ற மூன்று பக்கமும் கெட்டியாக இருந்தால் கீழ்ச்சட்டத்தை மட்டும் தச்சர் மாற்றிக் கொடுப்பார். பழைய பெயின்டைச் சுரண்டும்போது தண்ணி தெளித்துச் சுரண்டுங்க. பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் கூடாது என்ற விதி 2016-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பெயின்டின் தூசி குழந்தைகளுக்கும் கீரைப் பாத்திக்கும் ஆகாது.

முழுசா மாற்றத்தான் வேணும் என்றால்:

வேம்பு: நம்ம வரப்பிலேயே நிற்கும். முதிர்ந்த மரத்தின் வைரத்தை மட்டும் எடுங்க; வெளிப்பக்கத்து வெள்ளையைப் பூச்சி துளைக்கும். அறுத்த பலகையை நிழலில் அடுக்கி நன்றாக உலர விடணும். பச்சையாகப் போட்டால் முறுக்கிக்கொள்ளும்.

பழைய தேக்கு: காரைக்குடி பக்கம் இடித்த வீடுகளின் பர்மா தேக்கு நிலைகள் விற்பனைக்கு வரும். புதிதாக ஒரு மரம் வெட்ட வேண்டியதில்லை.

சிமென்ட் நிலை: விலை குறைவு, கரையான் அரிக்காது. கனம் அதிகம். கீல் இடம் மாற்ற முடியாது.

அலுமினியம்: உளுக்காது. ஆனால் மரத்தைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு சூடு கடத்தும். கடலோரமாக இருந்தால் பூச்சு தரமாக இருக்கணும்.

யூபிவிசி: கரையான், தண்ணி இரண்டுக்கும் அசையாது. உள்ளே இரும்புச் சட்டம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்க. வெட்டி எறியும் துண்டுகளை எரிக்கக் கூடாது, புகை நஞ்சு.

வங்கியில் இருந்த பழக்கத்தில் ஒரு கணக்கு. எடுத்துக்காட்டுக்கு, 6,000 ரூபாய் நிலை 10 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 600 ரூபாய். 15,000 ரூபாய் நிலை 40 ஆண்டு உழைத்தால் 375 ரூபாய்தான். கையில் காசு இருந்தால் இரண்டாவதே லாபம். ஆனால் அந்தக் கூடுதல் 9,000-த்தை 10 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினால், முதல் ஆண்டு வட்டி மட்டுமே 900 ரூபாய். கடன் வாங்கித் தேக்கு வைக்காதீங்க. சிமென்ட் நிலையோ சொந்த வேம்போ போதும்.

மர நிலை வைப்பவர்கள் சுவரில் பதியும் பக்கத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுங்க. கையுறை கட்டாயம், தோலைப் புண்ணாக்கிவிடும். வெளிப்பக்கத்துக்கு ஆளிவிதை எண்ணெய், ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால். மேலே ஒன்றரை அடி சன்ஷேடு இருந்தால் எந்த நிலைக்கும் ஆயுசு கூடும்.