பொடிப் பாசியின் பலம்

எங்கள் பட்டிப்பொலவில் லயத்துப் பீலிக் கல்லில் கால் வழுக்கும்போதுதான் பாசி நம் கண்ணில் படுகிறது. வாவிகளில் மிதப்பவையோ கண்ணுக்கே தெரியாத பொடிகள்.

பொடியாக நறுக்கிய உருளைக்கிழங்கு சீக்கிரம் வேகிறதல்லவா? பாசிக்கும் அதே கணக்கு. உடம்பு சிறுத்தால் அதன் அளவுக்கு மேற்பரப்பு கூடுதல். சத்தைச் சட்டென உறிஞ்சி வேகமாகப் பெருகும். அதை நீர்த்தெள்ளு தின்னும், நீர்த்தெள்ளை மீன் தின்னும்.

1999இல் கண்டி வாவியைப் பச்சையாக்கிய மைக்ரோசிஸ்டிஸ் என்ற பாசி வேறு ரகம். செல் சிறிதுதான், ஆனால் கூட்டமாக ஒட்டித் திரண்டுவிடும். நீர்த்தெள்ளின் வாய்க்கு அடங்காது. விளைச்சல் ஏராளம், மீனுக்குப் போவதோ கொஞ்சம்.

பாசிக்குச் சத்தாகும் மரக்கறித் தோட்டத்து உரத்தை மழை ஓடைக்கு இழுத்துப்போகையில் எனக்கு அந்த வாவிதான் ஞாபகம்.