மரக்கறிக் கழிவைப் புளிக்க வைத்துக் காடைக்குப் போடலாமா?

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் கோவா விலை விழுந்துவிட்டால், இலையும் தண்டும் குவியலாக வாய்க்கால் ஓரத்தில் அழுகிக் கிடப்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அதே நேரம் கடையில் தீன் விலையைக் கேட்டால் தலை சுத்துது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் தீனுக்குத் தட்டுப்பாடு வந்து முட்டை விலை ஏறியது. 2023இல் இந்தியாவில் இருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. அதனால்தான் லயத்தில் காடை வளர்க்கிறவர்கள் இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் அளவோடு போட வேண்டும்.

காடை ஏன் நல்லது?

ஸ்தோப்பில் ஒரு சின்னக் கூடு போதும். ஆறு, ஏழு கிழமையில் முட்டையிடத் தொடங்கும். ஒரு காடை நாளுக்கு 20 முதல் 25 கிராம் தீன்தான் தின்னும். ஐந்து காடை முட்டை ஏறக்குறைய ஒரு கோழி முட்டைக்குச் சமம். நம்ம குளிரில் குஞ்சு வளர்ப்பது கஷ்டம். இறகு முளைத்த ஐந்து கிழமைக் காடையை வாங்குவது நல்லது.

புளிக்க வைப்பது எப்படி?

தோசை மாவு புளிக்கிற மாதிரிதான் இதுவும். இலையில் இருக்கும் நல்ல கிருமிகள் காற்று இல்லாத இடத்தில் இனிப்பைப் புளிப்பாக மாற்றும். அந்தப் புளிப்பு, அழுக வைக்கும் கிருமிகளைத் தடுக்கும்.

1. கோவா இலை, கரட், பீட்ரூட் இலைகளைக் கழுவி, பொடியாக நறுக்கி, அரை நாள் நிழலில் வாட விடுங்கள். கோவாவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வாட்டாவிட்டால் அழுகிப் போகும்.
2. வாடிய இலை 10 கிலோவுக்கு அரிசித் தவிடு 3 கிலோ, சீனி அல்லது வெல்லம் கால் கிலோ கரைத்துக் கலக்குங்கள். உப்பு வேண்டாம்.
3. மூடியுள்ள வாளியில் காற்று இல்லாமல் அமுக்கி நிரப்பி, மேலே பொலித்தீன் போட்டு இறுக மூடுங்கள். கீழ்நாட்டுச் சூட்டில் ஒரு கிழமையில் புளிக்கும். இங்கே இரண்டு, மூன்று கிழமை ஆகும்.

மோர் மாதிரி புளிச்ச வாசம் வந்தால் சரி. நாற்றம் அடித்தாலோ, பூஞ்சணம் பிடித்தாலோ காடைக்குப் போடவே கூடாது, பசளைக் குழியில் கொட்டுங்கள். பூஞ்சண நஞ்சு கூட்டையே காலியாக்கிவிடும்.

எவ்வளவு போடுவது?

20 காடைக்கு நாளுக்கு அரைக் கிலோ தீன் வேணும். அதில் 50 கிராமைக் குறைத்து, பதிலுக்குப் புளித்த கலவை 150 கிராம் போடுங்கள். கலவையில் தண்ணீர் அதிகம் என்பதால்தான் மூன்று மடங்கு. முதல் கிழமை இதிலும் பாதி போட்டுப் பழக்குங்கள்.

இப்படிச் செய்தால் மாதம் ஒன்றரைக் கிலோ தீன் மிஞ்சும். அதற்குத் தவிடு ஒரு கிலோ செலவாகும். ஆகவே லாபம் சின்னதுதான். "பாதித் தீனை நிறுத்திடலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முட்டைக் காடையின் தீனில் நூற்றுக்கு 20 பங்கு அளவில் புரதம் வேணும், ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்தும் வேணும். இலையிலும் தவிட்டிலும் அவ்வளவு கிடையாது. கூட்டிப் போட்டால் முட்டை குறையும், ஓடு மெலியும். மிஞ்சின காசை விட முட்டையில் போன காசு அதிகமாகிவிடும். சிப்பித்தூளை நிறுத்த வேண்டாம். பகல் வெளிச்சமும் மாலை விளக்கும் சேர்த்து 14 மணி நேரமாவது வெளிச்சம் இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை

கோவாவின் வெளி இலையில்தான் மருந்து அதிகம் படும். புளிக்க வைத்தால் அந்த நஞ்சு போய்விடும் என்று நம்பி இருக்கக் கூடாது. எப்போது மருந்து அடித்தது என்று தெரியாத தோட்டத்துக் கழிவை எடுக்காதீர்கள். பச்சை நிறமான உருளைக்கிழங்கும் அதன் முளையும், பட்டர் புரூட்டும் காடைக்கு ஆகாது. லீக்ஸ், வெங்காயக் கழிவையும் விட்டுவிடுங்கள்.

காடை சோர்ந்தாலோ, கழிச்சல் கண்டாலோ கலவையை உடனே நிறுத்தி, கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள்.

20 காடை நன்றாக இட்டால் நாளுக்கு 15 முட்டை வரும். விற்பதற்கு முன்னால் வீட்டில் உள்ள பிள்ளைக்கும் கர்ப்பிணித் தாய்க்கும் நன்றாக அவித்துக் கொடுங்கள். மிச்சத்தை விற்கலாம்.