பந்தயக் காரின் அடியிலுள்ள காந்தம்

பள்ளத்தடத்தில் மின்சாரத்தால் விரையும் சிறு பந்தயக் கார்கள் 1957இல் 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' என்னும் பெயரில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. வளைவில் தடம் விட்டுத் தெறிக்காதிருக்க, இன்று பல கார்களின் அடியில் சிறு காந்தம் பொருத்தப்படுகிறது; அது பாதையின் உலோகப் பட்டையைப் பற்றி இழுக்கும்.

இத்தகைய காந்தங்கள் கழன்று, வீட்டிலுள்ள சிறு குழந்தையின் வாய்க்குச் சென்றால் பேராபத்து. விழுங்கிய இரு காந்தங்கள் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் நின்று ஒன்றையொன்று இழுக்கும். இடையில் நசுங்கும் குடற்சுவர் இரத்த ஓட்டமின்றித் துளைபடும். தொடக்கத்தில் வலி இல்லாமலும் இருக்கலாம். ஆகவே, வாழைப்பழம் கொடுத்து மலத்தில் வெளிவருமெனக் காத்திராமல், வாந்தி எடுக்கவும் தூண்டாமல், உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் குழந்தையைக் கொண்டுசெல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

குலசைத் தசராக் கடைகளில் வாங்கும் காந்தப் பொம்மைகளுக்கும் இது பொருந்தும். காரைக் கழற்றி மாட்டும் பிள்ளைகள், எழுமுன் காந்தங்களை எண்ணி வைக்கட்டும்.