பக்கம் திறக்கும் முன்பே பேசத் தொடங்கும் பிரவுசர்: யாரிடம், எதற்காக?

கணினியில் பிரவுசரை இப்போதுதான் திறந்திருக்கிறீர்கள். முகவரி எதையும் தட்டவில்லை, எந்த இணைப்பையும் சொடுக்கவில்லை. அதற்குள் அது பல சர்வர்களோடு தொடர்பு கொண்டிருக்கும். வீட்டு நெட்வொர்க்கில் பை-ஹோல் போன்ற வடிகட்டியையோ, மேக் கணினியில் லிட்டில் ஸ்னிட்ச் போன்ற மென்பொருளையோ போட்டு முதன்முதலாகப் பார்ப்பவர்கள் திடுக்கிடுவார்கள். கேள்விப்படாத டொமைன் பெயர்கள் வரிசையாக வந்து விழும். வைரஸ் புகுந்துவிட்டதோ, யாரோ வேவு பார்க்கிறார்களோ என்ற ஐயம் எழுவது இயல்பு.

இந்தத் தொடர்புகள் எல்லாமே கேடானவை அல்ல; எல்லாமே நம் நன்மைக்காக நடப்பவையும் அல்ல. எது எந்த வகை என்று பிரித்தறியாதவரை, பயப்பட வேண்டாததற்குப் பயந்துகொண்டும், பயப்பட வேண்டியதைக் கவனிக்காமலும்தான் இருப்போம்.

லிவர்மோரில் எழுதப்பட்ட எச்சரிக்கை

1988 நவம்பரில் மாரிஸ் வார்ம் என்ற நிரல் அன்றைய இணையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க எரிசக்தித் துறை தன் அலுவலகங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் உதவ ஒரு கணினிப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. சி.ஐ.ஏ.சி. என்ற அந்தக் குழு கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்திலிருந்து இயங்கியது. பாதுகாப்புக் குறைகளைப் பற்றி எச்சரிப்பதோடு, இணையத்தில் பரவும் வதந்திகளை மறுப்பதையும் அது தன் கடமையாகக் கொண்டிருந்தது.

1998 மார்ச்சில் இக்குழு 'ஐ-034' என்ற எண்ணுடன் குக்கிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. குக்கி என்பது கணினிக்குள் புகுந்து கடவுச்சொல்லையும் கிரெடிட் கார்டு எண்ணையும் திருடும் நிரல் என்று அப்போது பலர் நம்பினார்கள். அது வெறும் சிறு எழுத்துத் துணுக்கு. தானாக இயங்காது, வன்தட்டைத் துழாவாது என்று அறிக்கை விளக்கியது. அதோடு நிற்காமல், உண்மையில் கவனிக்க வேண்டிய இடத்தையும் காட்டியது. பல தளங்களில் ஒரே விளம்பர நிறுவனத்தின் படம் இடம்பெற்றால், ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் அந்நிறுவனத்தின் சர்வரோடு பிரவுசர் தொடர்பு கொள்ளும். கூடவே அந்நிறுவனத்தின் குக்கியும் போகும். யார் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்ற சித்திரம் அங்கே திரளும். இதற்கு அறிக்கை எடுத்துக்காட்டிய நிறுவனம் டபுள்கிளிக்.

பொய்யான அச்சத்தை நீக்கிவிட்டு மெய்யான அபாயத்தின் பக்கம் விரல் நீட்டிய அந்த முறையே இன்றைய பிரவுசரைப் புரிந்துகொள்ளவும் ஏற்றது. பின்னணித் தொடர்புகளில் பெரும்பாலானவற்றை நோக்கத்தைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்: பாதுகாப்புக்கு, வேகத்துக்கு, ஆதாயத்துக்கு.

காவலுக்காகப் போகும் தொடர்புகள்

முதலாவது, அப்டேட். பிரவுசரில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்கும் புதிய பதிப்பு உடனே எல்லோரையும் சேர வேண்டும். அதனால் புதியது வந்திருக்கிறதா என்று பிரவுசர் அவ்வப்போது தன் தயாரிப்பாளரின் சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்களுக்கும் இதே ஏற்பாடுதான்.

இரண்டாவது, மோசடித் தளங்களின் பட்டியல். வங்கியைப் போல வேடமிட்ட தளத்தைத் திறந்தால் சிவப்புப் பக்கம் வந்து தடுக்கிறதே, அதற்குப் பின்னால் கூகுளின் 'சேஃப் பிரவுசிங்' சேவை இருக்கிறது. குரோமுடன் ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் இதைப் பயன்படுத்துகின்றன. தளத்தின் முகவரியை அப்படியே அனுப்பாமல், அதைக் கணக்கீட்டு முறையில் ஒரு நீண்ட எண்ணாக மாற்றி, அதன் முதல் 32 பிட்களை மட்டும் ஒப்பிடுவதே இதன் அடிப்படை. வீட்டு எண்ணைச் சொல்லாமல் தெருவின் பெயரை மட்டும் சொல்லி வழி கேட்பதைப் போன்றது இது. ஒரே முன்பகுதி பல முகவரிகளுக்குப் பொருந்தும் என்பதால், நீங்கள் தேடியது எது என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. முன்பெல்லாம் இந்தப் பட்டியல் கணினியில் இறக்கப்பட்டு, குறித்த இடைவெளியில் புதுப்பிக்கப்பட்டது. மோசடித் தளங்கள் சராசரியாக 10 நிமிடங்கூட நிலைப்பதில்லை என்று கண்ட கூகுள், 2024 மார்ச்சில் குரோமில் உடனுக்குடன் சரிபார்க்கும் முறைக்கு மாறியது. கேட்பவரின் ஐபி முகவரி கூகுளுக்குத் தெரியாதிருக்க, ஃபாஸ்ட்லி என்ற வேறொரு நிறுவனத்தின் சர்வர் இடையில் நிறுத்தப்பட்டது.

மூன்றாவது, தளம் மெய்யானதுதான் என்று உறுதிசெய்யும் சான்றிதழ்களில் செல்லாதவற்றின் பட்டியல். இதன் அருமையை இந்தியாவில் நடந்த ஒரு நிகழ்வு உணர்த்தியது. 2014 ஜூலை 2 அன்று, கூகுளின் டொமைன்களுக்கான போலிச் சான்றிதழ்கள் சில உலவுவதை அந்நிறுவனம் கண்டுபிடித்தது. அவற்றை வழங்கியிருந்தது இந்திய அரசின் தேசியத் தகவலியல் மையம். அதன் சான்றிதழ்களை விண்டோஸ் நம்பியதால், அந்தப் போலிகளைக் கையில் வைத்திருந்தவர் கூகுளைப் போல நடித்துப் பயனர்களை ஏமாற்ற வழி இருந்தது. புதிய பதிப்புக்குக் காத்திராமல், குரோம் பின்னணியில் இறக்கிக்கொள்ளும் பட்டியலின் வழியாகவே கூகுள் அவற்றை முடக்கியது. மறுநாள், இந்தியாவின் சான்றளிக்கும் அமைப்புகளுக்கான கட்டுப்பாட்டாளர் தேசியத் தகவலியல் மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். அன்று அந்தப் பின்னணித் தொடர்பைத் துண்டித்து வைத்திருந்தவரின் குரோமுக்கு இந்தக் காவல் போய்ச் சேர்ந்திருக்காது.

ஓட்டல் வைஃபையும் பொருளற்ற பெயர்களும்

வேறு சில தொடர்புகள் இணையம் ஒழுங்காக இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பவை. விமான நிலையத்திலோ ஓட்டலிலோ வைஃபையில் நுழைந்ததும் உள்நுழைவுப் பக்கம் முன்னால் வந்து நிற்கிறது. இப்படியொரு தடை இருக்கிறதா என்று அறிய, பிரவுசரோ இயங்குதளமோ ஒரு மிகச் சிறிய பக்கத்தைக் கேட்டுப் பார்க்கிறது. ஃபயர்பாக்ஸ் முன்பு கேட்டது, 'வெற்றி' என்று பொருள்படும் ஒற்றைச் சொல் மட்டுமே உள்ள பக்கத்தை. எதிர்பார்த்தது வந்தால் பாதை திறந்திருக்கிறது. வேறெதுவோ வந்தால் நடுவில் யாரோ மறிக்கிறார்கள். அந்த மறிப்பைக் கண்டறிவதே நோக்கம் என்பதால் இந்தக் கோரிக்கை வேண்டுமென்றே மறையாக்கம் இல்லாமல் போகிறது. நெட்வொர்க்கைக் கவனிப்பவரின் கண்ணில் அதுவே சந்தேகத்துக்குரியதாகப் படும்.

இன்னும் விசித்திரமானது குரோமின் பழைய வழக்கம். தொடங்கும்போதெல்லாம் 7 முதல் 15 எழுத்துகள் கொண்ட, எந்தப் பொருளும் இல்லாத மூன்று டொமைன் பெயர்களை அது கேட்கும். பதிவேட்டில் இவற்றைப் பார்த்தவர்கள் கணினியில் கேடான நிரல் குடிபுகுந்ததாகவே நினைத்தார்கள். காரணம் வேறு. இல்லாத டொமைனைக் கேட்டால் 'இல்லை' என்று பதில் சொல்வதற்குப் பதிலாகச் சில இணைய நிறுவனங்கள் தங்கள் விளம்பரப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டன. அமெரிக்காவின் பெரிய கேபிள் நிறுவனமான காம்காஸ்ட்டும் 2009இல் இப்படி ஒரு சேவையைத் தொடங்கி 2012இல் கைவிட்டது. முகவரிப் பட்டையில் ஒற்றைச் சொல்லைத் தட்டினால், அது தேடலா, அலுவலக நெட்வொர்க்கில் உள்ள கணினியின் பெயரா என்று குரோம் அறிய வேண்டும். பொய்யான பதில் வந்தால் அந்தக் கணக்கு தவறும். தன் நெட்வொர்க் பொய் சொல்கிறதா என்று பார்க்கவே, இருக்க வாய்ப்பில்லாத பெயர்களைக் கேட்டது.

நல்ல நோக்கம்தான், ஆனால் சுமை யார் தலையில் விழுந்தது? டொமைன் அமைப்பின் உச்சியில் உள்ள ரூட் சர்வர்களுக்கு வந்த கோரிக்கைகளில் ஏறத்தாழ பாதி இந்தச் சோதனையால் வந்தவையே என்று வெரிசைன் நிறுவன ஆய்வாளர் 2020இல் எழுதினார். ஒரு நாளைக்குச் சுமார் 6,000 கோடி கோரிக்கைகள். அதே ஆண்டின் இறுதியில் இந்த வழக்கம் மாற்றப்பட்டபின் ரூட் சர்வர்களின் மொத்தச் சுமை 41 சதவீதம் குறைந்தது. யார் கண்ணிலும் படாத ஒரு சின்ன ஏற்பாடு பத்தாண்டுகளாக உலகப் பொதுச்சொத்தை அழுத்திக்கொண்டிருந்தது. பின்னணித் தொடர்புகளைக் கேள்வி கேட்பது வீண்வேலை இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

வேகத்துக்காக முந்திக்கொள்ளும் தொடர்புகள்

லிவர்மோரில் இருப்பவர் சென்னையில் உள்ள சர்வரிலிருந்து ஒரு பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இடையே சுமார் 14,000 கிலோமீட்டர். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். நேர்க்கோட்டில் கேபிள் போட்டிருந்தாலும், போய்வர 0.14 நொடி ஆகும். பக்கத்தைக் கேட்பதற்கு முன் இணைப்பை ஏற்படுத்த ஒருமுறை, மறையாக்கத்துக்கு ஒருமுறை எனப் பல நேரங்களில் இரண்டு முறை போய்வர வேண்டும். இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் பிரவுசர் முந்திக்கொள்கிறது. இணைப்பின்மேல் மவுஸைக் கொண்டு போனதுமே ஃபயர்பாக்ஸ் அந்த சர்வரோடு தொடர்பைத் தொடங்கிவிடும். முகவரியின் முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் எங்கே போகப் போகிறீர்கள் என்று குரோம் ஊகித்து, உறுதியாகத் தோன்றினால் பக்கத்தையே தயாராக்கி வைக்கும்.

இதற்கு விலை உண்டு. நீங்கள் போகாத தளத்தின் பதிவேட்டிலும் உங்கள் ஐபி முகவரி ஏறலாம். தேடல் பரிந்துரை இயங்கும்போது, எண்டர் அழுத்தும் முன்பே நீங்கள் தட்டும் எழுத்துகள் தேடல் நிறுவனத்துக்குப் போகின்றன. தட்டிவிட்டு, வேண்டாமென்று அழித்த சொற்களும் அவற்றில் அடங்கும். நோயின் பெயரையோ வழக்கறிஞரின் பெயரையோ தட்டி அழித்தவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆதாயத்துக்காகப் போகும் தொடர்புகள்

1998 அறிக்கை சுட்டிய டபுள்கிளிக்கை 2008இல் கூகுள் வாங்கியது. அதே ஆண்டில்தான் குரோம் வெளிவந்தது. அன்றிலிருந்து, நாம் பார்க்கும் சாளரத்தைத் தயாரிப்பதும் அதன் வழியே விளம்பரம் விற்பதும் ஒரே நிறுவனம். விளம்பர நிறுவனங்கள் போன்ற வெளியார் வைக்கும் மூன்றாம் தரப்புக் குக்கிகளை சஃபாரி 2020 மார்ச்சில் முழுவதுமாகத் தடுத்தது. ஃபயர்பாக்ஸ் 2019 முதலே, அறியப்பட்ட பின்தொடர்பவர்களின் குக்கிகளைத் தடுத்துவருகிறது. தானும் அகற்றப்போவதாக 2020இல் அறிவித்த கூகுள், பலமுறை தள்ளிப்போட்டு, கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

இன்காக்னிட்டோ சாளரமும் இதற்கு அரண் ஆகவில்லை. அந்தச் சாளரத்தில் இருக்கும்போதும், தளங்களில் பதிக்கப்பட்ட கூகுளின் நிரல்துண்டுகள் தகவல் அனுப்பிக்கொண்டிருந்ததாக 2020இல் ஒரு குழு வழக்கு தொடரப்பட்டது. அதை விசாரித்தது, கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம். 2024இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, நூறு கோடிக் கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது.

பிரவுசர்கள் தங்கள் தயாரிப்பாளருக்கு என்ன சொல்கின்றன என்பதை டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத் 2020இல் அளந்து பார்த்தார். ஆறு பிரவுசர்களில் பிரேவ் மிகக் குறைவாகப் பேசியது. குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றும் நடுவில் நின்றன. எட்ஜும் யாண்டெக்ஸும் கணினியின் வன்பொருளோடு பிணைந்த, எளிதில் மாற்ற முடியாத அடையாளங்களை அனுப்பின. பாதுகாப்புக்கு அந்த அடையாளம் தேவையே இல்லை என்பதற்கு, அது இல்லாமல் இயங்கிய மற்ற நான்குமே சாட்சி.

எக்ஸ்டென்ஷன்களின் கதை இன்னும் மோசம். சில எக்ஸ்டென்ஷன்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேரின் உலாவல் விவரங்களைத் திரட்டி வெளியே கொடுத்ததை 2019இல் 'டேட்டாஸ்பை' என்ற ஆய்வு அம்பலப்படுத்தியது. படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது போன்ற சாதாரண வேலைக்கென்று பலர் போட்டுவைத்தவையும் அவற்றில் இருந்தன.

எதை விடலாம், எதை நிறுத்தலாம்?

அப்டேட்டையும் சேஃப் பிரவுசிங்கையும் நிறுத்தாதீர்கள். தொடர்பு குறைந்தால் தனியுரிமை கூடும் என்று எண்ணி இவற்றை அணைப்பவர், திருடனுக்குக் கதவைத் திறந்து வைக்கிறார். சேஃப் பிரவுசிங்கில் வழக்கமான நிலை பலருக்குப் போதும்; 'மேம்பட்ட' நிலை கூடுதல் விவரங்களை கூகுளுக்கு அனுப்பும்.

நிறுத்தத் தக்கவை வேறு. பயன்பாட்டு விவரங்களைத் தயாரிப்பாளருக்கு அனுப்பும் அமைப்பை அணைக்கலாம். எழுத்துக்கு எழுத்து அனுப்புவதை விரும்பாதவர்கள் தேடல் பரிந்துரையை நிறுத்தலாம். பக்கங்களை முன்கூட்டியே ஏற்றும் வசதியை அணைத்தால் சிறிது வேகம் குறையும், அவ்வளவுதான். பயன்படுத்தாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குங்கள். என்றோ 'அனுமதி' அழுத்திய நோட்டிஃபிகேஷன்களையும் ஒருமுறை பார்வையிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கருவியும் இருக்கிறது. 'என் விவரங்களை விற்காதே' என்று ஒவ்வொரு தளத்துக்கும் பிரவுசரே அறிவிக்கும் 'குளோபல் பிரைவசி கன்ட்ரோல்' சமிக்ஞையை மதிக்க வேண்டியது அங்கே சட்டக் கடமை. மதிக்காததும் குற்றச்சாட்டுகளில் ஒன்றாக இருந்த வழக்கில் செஃபோரா நிறுவனம் 2022இல் 12 லட்சம் டாலர் கட்டியது. ஃபயர்பாக்ஸிலும் பிரேவிலும் இந்தச் சமிக்ஞை உண்டு. 2025 அக்டோபரில் கையெழுத்தான ஏபி 566 சட்டம், 2027 ஜனவரி 1 முதல் எல்லாப் பிரவுசர்களும் இப்படியொரு வசதியை உள்ளடக்க வேண்டும் என்கிறது.

சட்டம் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். எந்த சர்வரோடு, எதற்காக, எதைக் கொண்டு தொடர்பு நடந்தது என்பதைப் பயனர் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் ஒரே பக்கத்தில் காட்டுவது பிரவுசர் தயாரிப்பாளர்களின் கடமையாக வேண்டும். இன்று இந்தத் தகவல், தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கான உள்பக்கங்களிலும் நீண்ட ஆவணங்களிலும் சிதறிக் கிடக்கிறது. வங்கிக் கணக்கும் மருத்துவமனை அறிக்கையும் பிள்ளைகளின் பள்ளி விவரமும் இந்த ஒரு மென்பொருளின் வழியாகத்தான் போய்வருகின்றன. அது யாரோடு பேசுகிறது என்று கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. தெளிவான பதிலைத் தரும் பிரவுசரைத் தேர்ந்தெடுப்பதும், தராததை விட்டு விலகுவதும் இன்றைக்கே நம் கையில் இருக்கின்றன.