அட்டாச்மெண்ட்டைத் திறக்கும் முன்...

2000 ஆம் ஆண்டு மே மாதம். அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 98. அவருடைய அலுவலக நண்பரிடமிருந்து 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு இமெயில் வந்திருந்தது. ஐம்பது வயதுக்காரர் இப்படி எழுதுவாரா என்று சிரித்துக்கொண்டே அட்டாச்மெண்ட்டை டபுள் கிளிக் செய்தவன் நான்தான். பெயரின் முடிவில் டிஎக்ஸ்டி என்று இருந்தது. வெறும் டெக்ஸ்ட் பைல்தானே என்று நினைத்தேன்.

உண்மையில் அதற்குப் பின்னால் விபிஎஸ் என்று இன்னொரு துணைப்பெயர் இருந்தது. அது இயங்கக்கூடிய ஸ்கிரிப்ட் பைல். தனக்குத் தெரிந்த பைல் வகைகளின் துணைப்பெயரை விண்டோஸ் மறைத்துவிடும். வைரஸ் எழுதியவர் நம்பியது இதைத்தான்.

பாட்டுகள் தப்பித்தன. எம்பி3 பைல்களை அந்த வைரஸ் மறைத்து மட்டும் வைத்தது, தேடி எடுத்துவிட்டோம். ஜேபிஜி படங்களின் மேல் தன்னையே எழுதிக்கொண்டது. கறையான் அரித்த ஆல்பத்திலிருந்து ஸ்கேன் செய்து வைத்திருந்த அப்பாவின் படங்கள் எல்லாம் போயின. ஆல்பத்தை அதற்கு முன்பே எறிந்திருந்தோம். அண்ணி கோபிக்கவில்லை. "மாமா படம் ஒண்ணாவது கிடைக்குமா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

இன்றைய விண்டோஸ் 11லும் துணைப்பெயர்கள் மறைந்தே இருக்கின்றன. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, அதில் ஷோ, பிறகு ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைக் கிளிக் செய்திடுங்கள். இன்றே செய்யுங்கள். இன்வாய்ஸ் என்று வந்த பைல் இஎக்ஸ்இ, ஜேஎஸ், விபிஎஸ் என்று முடிந்தால் அழித்துவிடலாம்.

தெரிந்தவர் அனுப்பியது என்பது உத்தரவாதமே அல்ல. அந்த வைரஸ் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது, நண்பருக்கே தெரியாது. எதிர்பாராத பைல் வந்தால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். வேர்டு, எக்ஸெல் பைல்கள் மேக்ரோவை இயக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இணையத்திலிருந்து வரும் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் 2022 முதல் தானாகவே தடுக்கிறது. அந்தத் தடையை நீக்கும்படி கடிதத்திலேயே வழி சொல்லியிருந்தால் சந்தேகமே வேண்டாம். பாஸ்வேர்டு போட்ட ஜிப் பைலுக்குள் ஆண்டிவைரஸால் எட்டிப் பார்க்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அத்தைக்கு ஒரு பிளாப்பியில் போட்டுக் கொடுத்த ஒரே ஒரு படம் பிறகு கிடைத்தது. இன்று அதற்கு மூன்று இடங்களில் காப்பி இருக்கிறது. ஒன்று கம்ப்யூட்டரில் செருகாத ஹார்ட் டிஸ்க்கில்.