மூன்றாம் நாள் வலி

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அன்று எனக்குப் பெரிதாக வலியே இல்லை. மரத்துப்போன உதட்டோடு வீட்டுக்கு வந்து, ஆறிய ரசம் சாதத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் லேசான குடைச்சல். ஒரு மாத்திரையில் அடங்கியது. இதற்கா ஒரு வருடம் தள்ளிப்போட்டோம் என்று மிதப்பாகத் திரிந்தேன்.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அது எழுப்பியது. கீழ்த்தாடையில் தொடங்கிக் காதுக்குள் இறங்கி, நெற்றிப்பொட்டு வரை விண்விண்ணென்று தெறித்தது. வாயில் ஒரு கெட்ட வாடை வேறு. “காதுல காத்து அடிச்சிருக்கும்டா, பஞ்சு வெச்சுக்கோ” என்றார் அம்மா.

காதில் எந்தக் கோளாறும் இல்லை. கீழ்வரிசைப் பற்களின் உணர்வையும் காதை ஒட்டிய பகுதியின் உணர்வையும் மூளைக்குக் கொண்டுபோவது முக்கிளை நரம்பின் ஒரே கிளைதான். புகார் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று மூளைக்குக் குழம்பிவிடுகிறது. இன்னொரு கிளை கண்ணைச் சுற்றிப் போகிறது. மேல்பல்லைப் பிடுங்கினால் பார்வை போய்விடும் என்று ஊரில் சொல்வதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். பார்வைக்கென்று இருப்பது வேறு நரம்பு. பல்லுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

காலையில் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். “சிகரெட் பிடிப்பீங்களா சார்?”

“எப்பவாவது.”

“பல் எடுத்ததுக்கு அப்புறம்?”

“ஒண்ணே ஒண்ணு, டாக்டர்.”

அவர் சிரிக்கவில்லை. சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு, கையில் இன்னொரு கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினார். கறுஞ்சிவப்பாக ரத்தம் உறைந்து நிற்க வேண்டிய குழி காலியாக இருந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் தெரிந்தது என் தாடை எலும்பு.

பல் மருத்துவர்கள் இதை ‘டிரை சாக்கெட்’ என்கிறார்கள், உலர்ந்த குழி. 1896-லேயே க்ராஃபோர்டு என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இதை எழுதிவைத்திருக்கிறார். சாதாரணப் பல் பிடுங்கலில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேருக்கு வருகிறது. கீழ் ஞானப்பல் என்றால் முப்பது வரைகூடப் போவதாகக் கணக்குகள் உண்டு. கீழ்த்தாடை எலும்பு இறுக்கமானது, ரத்த ஓட்டமும் மேல்தாடையைவிடக் குறைவு.

பல்லை எடுத்ததும் குழியில் ரத்தம் நிறைந்து உறைகிறது. ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலைபோலப் பின்னி அதைப் பிடித்துவைக்கின்றன. திறந்துகிடக்கும் எலும்புக்கு அதுதான் போர்வை, புதுத் திசு ஏறி வளரும் பந்தலும் அதுதான். ஆனால் நம் உடம்பே அந்த இழைகளைக் கரைக்கும் பிளாஸ்மின் என்ற நொதியையும் தயாரிக்கிறது. நேரம் வந்ததும் கட்டியைக் கலைப்பது அதன் வேலை. காயப்பட்ட எலும்பும் கிருமிகளும் அதை அவசரமாகத் தூண்டிவிட்டால், திசு வளரும் முன்பே போர்வை கரைந்துவிடும் என்று 1973-ல் டென்மார்க்கின் பிர்ன் விளக்கினார். இன்றும் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இதுதான். கட்டி கரைய இரண்டு மூன்று நாளாகும். வலி மூன்றாம் நாள்வரை காத்திருந்ததன் ரகசியம் இதுதான்.

இதில் நம் பழக்கமே நமக்கு எதிரி. வாயில் ரத்தம் வந்தால் துப்பு, கொப்பளி என்றுதான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். பிடுங்கிய முதல் நாள் இரண்டுமே கூடாது. வைத்த பஞ்சை அரை மணி, முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்து, ஊறும் எச்சிலை விழுங்க வேண்டும். துப்பத் துப்ப ரத்தம் நிற்காது. ஒரு சொட்டு ரத்தம் எச்சிலில் கலந்தால் வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பாகத் தெரிந்து வீட்டையே கலங்கடிக்கும். பெரும்பாலும் அது எச்சில்தான். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரெல்லாம் மறுநாளிலிருந்து, அதுவும் அலசி மெல்லச் சாய்த்துவிடுவதோடு சரி. ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்காதே என்பார்கள். அதற்கு ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை என்றாலும், டம்ளரில் ஊற்றிக் குடித்தால் என்ன குறைந்துவிடும்? புகையிலை விஷயம் அப்படியல்ல. புகைப்பவர்களுக்கு இது அதிகம் வருவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. என் ‘ஒண்ணே ஒண்ணு’க்கு இங்கே மன்னிப்பு கிடையாது.

டாக்டரம்மா குழியை உப்புநீரால் பீய்ச்சிக் கழுவி, மஞ்சளாக ஒரு மருந்துத் திரியை உள்ளே வைத்தார். வாயெல்லாம் பிரியாணி வாசனை. கிராம்பின் யூஜினால்தான் அதிலும் இருக்கிறது. நரம்பை மரக்கவைக்கும் சரக்கு. பத்து நிமிஷத்தில் வலி வடிந்தது. அதற்காக வீட்டில் கிராம்பு எண்ணெயை நேரே குழியில் ஊற்றிவிடாதீர்கள், ஈறு வெந்துபோகும். மாத்திரையை வலிக்கும் இடத்தில் ஒதுக்கிவைப்பவர்கள் கதையும் அதேதான். ஆஸ்பிரின் ஈறை வெள்ளையாகச் சுட்டுவிடும்.

மாத்திரை என்றால் பல் வலிக்கு ஐபுப்ரோஃபென் வகைதான் முதல் தேர்வு. அதோடு பாராசிட்டமாலும் சேர்ந்தால் தனித்தனியாகத் தருவதைவிட நன்றாகக் கேட்கிறது. குடல்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஐபுப்ரோஃபெனைக் கேட்காமல் தொடக்கூடாது. மெடிக்கல் ஷாப்பில் “பல் வலி” என்றதும் கூடவே ஒரு ஆன்டிபயாடிக் அட்டையையும் கிழித்துக் கொடுக்கிறார்களே, உலர்ந்த குழிக்கு அதனால் பயனில்லை. காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருந்தால்தான் அதற்கு வேலை.

அந்த வீக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிடுங்கிய இரண்டு மூன்று நாள் கன்னம் உப்புவது இயல்பு. நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல், மூச்சுத் திணறினால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 1836-ல் ஜெர்மானிய மருத்துவர் லூட்விக் விவரித்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் தொற்று அது. மூச்சுக்குழாயை நெரித்துவிடும். மேல் கடைவாய்ப் பல்லை எடுத்தபின் குடித்த தண்ணீர் மூக்கில் வந்தாலோ, மறுநாளும் உதடு மரத்தே கிடந்தாலோ டாக்டரிடம் உடனே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையையும், எலும்புத் தேய்மானத்துக்குப் போட்ட ஊசியையும் பல்லைப் பிடுங்கும் முன்பே சொல்லவேண்டும். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது.

எனக்கு இரண்டு முறை திரி மாற்றினார்கள். பத்தாம் நாள் வலி போய்விட்டது. மேலே சதை மூடச் சில வாரம், உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதம் ஆகுமாம். அதுவரை தினமும் ஒரு சோற்றுப் பருக்கை அந்தக் குழியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நாக்கும் விடாமல் அதைத் தேடிப் போகிறது.