20 அடி அகல மனை... இருட்டறை இல்லாமல் வீடு கட்ட முடியுமா?

நகரங்களில் இன்று நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுவது பெரும்பாலும் அரை கிரவுண்டுதான். 20 அடி அகலம், 60 அடி நீளம், 1,200 சதுர அடி. பத்திரப்பதிவு முடிந்த கையோடு மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் நடை, இன்னொரு பக்கம் வரிசையா ரூம். வேற வழியில்ல சார்" என்பார். வங்கிக் கடன் வாங்கிக் கட்டிய பிறகுதான் தெரியும், நடு அறைகளில் பகல் 12 மணிக்கும் டியூப் லைட் எரிய வேண்டும் என்பது. அந்த அறை யாருக்கு ஒதுக்கப்படுகிறது? பெரும்பாலும், மாடி ஏற முடியாத தாத்தா, பாட்டிக்கு.

குறுகிய மனையில் வீட்டுத் திட்டம் போடுவது என்பது, யாருக்கு வெளிச்சம், யாருக்கு இருட்டு என்று முடிவு செய்வதுதான். அதனால் அந்தக் காகிதத்தைக் குடும்பமே உட்கார்ந்து போட வேண்டும்.

முதலில் கணக்கு

மனை 20 அடி என்றாலும் வீட்டுக்குள் 20 அடி கிடைக்காது. உதாரணத்துக்கு, ஒரு பக்கவாட்டில் 3.5 அடி சந்து விடுவதாக வைத்துக்கொள்வோம். மீதி 16.5 அடி. இருபுறமும் 9 இஞ்ச் சுவர் போனால் உள்ளே கிடைப்பது 15 அடி. முன்னால் 10 அடி, பின்னால் 5 அடி விட்டால் கட்டடத்தின் நீளம் 45 அடி. சுவர்கள் போக உள்ளே 43.5 அடி. இந்த 15-க்கு 43.5 அடிக்குள்தான் எல்லாமே அடங்க வேண்டும்.

எந்தப் பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது மனையின் அகலம், சாலையின் அகலம், கட்டடத்தின் உயரம் இவற்றைப் பொறுத்து மாறும். தமிழ்நாட்டில் இதைச் சொல்வது 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டே கோடு போடத் தொடங்குங்கள்.

நடை என்னும் செலவு

30 அடி நீளத்துக்கு 3 அடி நடை விட்டால் 90 சதுர அடி போகும். 9-க்கு 10 அடி அறை ஒன்றின் பரப்பு அது. கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 2,25,000 ரூபாய். வெறுமனே நடந்து போவதற்கு இவ்வளவு பணம்!

இதற்கு மாற்று, ஹாலையும் சாப்பிடும் இடத்தையும் நடுச்சுவர் இல்லாமல் ஒன்றாக்குவது. முன்பக்கம் 13 அடி ஹால், அடுத்த 10 அடி சாப்பிடும் இடம். புழங்கும் இடமே நடையாகவும் பயன்படும்.

படிக்கட்டை, சந்து இல்லாத பக்கத்துச் சுவரையொட்டி நீளவாக்கில் போடலாம். தளத்துக்குத் தளம் 10.5 அடி உயரம் என்றால் 7 இஞ்ச் உயரத்தில் 18 ஏற்றங்கள் வரும். ஒன்பதாவது ஏற்றத்தில் நின்று மூச்சு வாங்க 3 அடி மேடை விட்டால், மொத்தம் 16 அடி நீளத்துக்குச் சற்று மேல், 3 அடி அகலத்தில் படிக்கட்டு முடிந்துவிடும். அதன் உயரமான பகுதிக்கு அடியில் ஃபிரிட்ஜும் இன்வெர்ட்டரும் நிற்கும்.

அடுத்த 9 அடியில், சந்து பக்கம் 7 அடி அகலத்துக்குச் சமையலறை. அதற்கு சந்தில் ஜன்னல். அதன் அருகே 3 அடி நடை. அதற்கும் அப்பால், படிக்கட்டு முடியும் சுவரோரம், 4-க்கு 9 அடியில் வானம் பார்த்த சின்ன முற்றம். கடைசி 10 அடியில் பெரியவர்களுக்கான படுக்கையறை, ஒட்டினாற்போல் குளியலறை. இரண்டுக்கும் பின்பக்கத்தில் ஜன்னல் கிடைக்கும். இப்போது நடைக்குப் போனது 27 சதுர அடி மட்டுமே.

இதில் ஒரு குறையும் உண்டு. கீழ்த்தளத்தில் விருந்தினருக்கென்று தனிக் கழிப்பறை இல்லை. அது வேண்டுமென்றால் ஹாலில் கொஞ்சம் இழக்க வேண்டும்.

முற்றத்தை மூடாதீர்கள்

"இவ்வளவு சின்ன மனையில் முற்றமா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். தஞ்சை, கும்பகோணம் பக்கத்து அக்ரஹார வீடுகளை நினைத்துப் பாருங்கள். அவையும் குறுகி நீண்டவைதான். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் ஜன்னலே கிடையாது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று நேர்வரிசையில் போகும். நடுவிலிருக்கும் முற்றம்தான் வெளிச்சத்தைக் கொட்டும். வீட்டுக்குள் சூடாகும் காற்று அதன் வழியே மேலேறிப் போக, வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் புதுக்காற்று உள்ளே வரும்.

ஜப்பானின் ஒசாகாவில் கட்டடக் கலைஞர் தடாவ் ஆண்டோ 1976-ல் கட்டிய சுமியோஷி வீடும் இதையே செய்தது. மனையில் சுமார் 11 அடி அகலமும் 46 அடி நீளமும்தான் வீடு. அதில் மூன்றில் ஒரு பங்கைத் திறந்த முற்றமாகவே விட்டுவிட்டார். ஆனால், மழை நாளில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நனைந்துகொண்டே போக வேண்டும்! நம் திட்டத்தில் முற்றம் ஓரமாக இருப்பதால், நடை கூரைக்குள் வந்துவிடுகிறது.

முற்றத்துக்கு மேலே பாதுகாப்புக்கு இரும்புக் கம்பி வலை, கீழே சரிவான தரை, மழைநீர் வடிய குழாய் கட்டாயம். அந்தக் குழாயை மழைநீர் சேகரிப்புத் தொட்டியோடு இணைத்துவிடலாம். தமிழ்நாட்டில் 2003-லிருந்தே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்தானே!

பக்கத்து காலி மனையை நம்பலாமா?

கூடாது. இன்று காற்று வருகிறதே என்று எல்லைச் சுவரில் ஜன்னல் வைத்தால், அடுத்தவர் வீடு எழும்பும்போது அது சுவரைப் பார்த்து நிற்கும். வெளிச்சமும் காற்றும் உங்கள் மனைக்குள்ளிருந்தே வர வேண்டும்.

அதேபோல எல்லையோரம் தூண் போட்டால், அதன் அஸ்திவாரம் அடுத்தவர் மண்ணுக்குள் நீளக்கூடாது. வழக்கம்போல நடுவில் தூண் வைத்துச் சுற்றிலும் விரியும் அஸ்திவாரம் இங்கே ஒத்துவராது. பாரம் ஒரு பக்கமாகச் சாயும் என்பதால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரின் கணக்கு அவசியம். இந்தக் கட்டணத்தில் சிக்கனம் வேண்டாம்.

காரா, தாத்தாவா?

பல வீடுகளில் சண்டை வருவது இங்கேதான். சின்ன கார் ஒன்றுக்கே 13 அடி நீளம். முன்னால் விட்ட 10 அடியில் நிற்காது. காரை உள்ளே நிறுத்த ஹாலைப் பின்னால் தள்ளினால், படுக்கையறை மாடிக்குப் போகும். தரைத்தளம் முழுக்க பார்க்கிங் என்றால் குடும்பமே மாடிக்குப் போகும். முழங்கால் வலி இருப்பவர் பிறகு தெருவுக்கு இறங்குவதையே குறைத்துக்கொள்வார். இன்று 45 வயதில் வீடு கட்டுபவருக்கு, கடன் முடியும்போது 65 ஆகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். கீழறை அவருக்கும்தான்.

அந்தக் கீழறைக்கும் குளியலறைக்கும் 3 அடி அகலக் கதவு, வழுக்காத தரை, கைப்பிடி இவற்றை இப்போதே சேர்த்துவிடுங்கள். மாடிக் குளியலறையைக் கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே வைத்தால் குழாய்ச் செலவும் குறையும், கசிவைக் கண்டுபிடிப்பதும் எளிது.

வாஸ்து பார்ப்பவர்கள் வரைபடம் முடிந்த பிறகு ஜோசியரிடம் போக வேண்டாம். 15 அடிக்குள் சமையலறையை மாற்றினால் எல்லாமே மாறும். அதனால் சமையலறை எந்த மூலையில், வாசல் எந்தத் திசையில் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

கோடு போட்டுப் படுத்துப் பாருங்கள்

வரைபடத்தில் எல்லா அறையும் பெரிதாகத்தான் தெரியும். ஒரு கட்டம் ஓர் அடி என்று கிராஃப் தாளில் வரைந்து, கட்டில், பீரோ, சாப்பாட்டு மேசையை அதே அளவில் வெட்டி வைத்துப் பாருங்கள். பிறகு மனையில் சுண்ணாம்புத்தூளால் கோடு போட்டு வீட்டிலுள்ள எல்லோரையும் நடக்கச் சொல்லுங்கள். பீரோ கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்குமா, பாட்டி இரவில் எழுந்தால் குளியலறைக்கு எத்தனை அடி என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீடுகளுக்கு, தமிழ்நாட்டில் 2024-லிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி பெறலாம். அனுமதி சீக்கிரம் கிடைக்கும் என்பதற்காக வரைபடத்தை அவசரமாக முடிக்க வேண்டாம். காகிதத்தில் ஒரு சுவரை அழிக்க ரப்பர் போதும். கட்டிய பிறகு இடிக்க கொத்தனார் கூலியும் மறுபடி கடனும் வேண்டும்.